ஒன்றரை மீட்டர் இடைவெளி

காலை ஆறு பத்துக்கு நெய்தல்நகரின் கடல்மதில் சாலையில், பன்னிரண்டாம் மதகுக்கு அருகே, தன்னோடிகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சற்று வலப்பக்கம் ஒதுங்கின. சாலையின் இடது ஓரத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அதில் யாரும் இல்லை. அந்த வெற்றிடம் தெற்கு நோக்கி நகர ஆரம்பித்தது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அதன் வேகத்துக்குத் தணிந்து, ஒலியெழுப்பாமல், சமயம் பார்த்து வளைந்து கடந்தன.

வண்டிகளுக்குள் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். ஒருத்தி கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் புதியவர்கள்தான் கேட்பார்கள், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று. வண்டியே பதில் சொல்லும்: “காலமான ஜெனிட்டா அவர்கள் முன்னால் சென்றுகொண்டிருக்கிறார். பொறுத்தருளவும்.”

நெய்தல்நகரில் ஓட்டுநர்கள் இல்லாமற்போய் நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன; வண்டிகள் எல்லாம் தாமே ஓடும் தன்னோடிகள். கடல் உள்ளே வந்து பழைய கரையை எடுத்துக்கொண்ட பிறகு, மதில் கட்டி எழுப்பிய நகரம் அது. அதன் சாலைகள் எல்லாவற்றையும் சாலைமதி என்ற ஒற்றை அறிவு நடத்தியது. சாலைமதிக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சாலையில் யாராவது அடிபட்டு இறந்தால், அவர்களுடைய கடைசிப் பயணத்தை அது அப்படியே நினைவில் எடுத்துவைத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து அதே நேரத்தில், அதே இடத்தில், அவர்கள் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகவே நம்பி வண்டிகளை ஒதுக்கும். ஒரே தவறு இரண்டாம் முறை நடக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பொறியாளர்கள் இதற்கு நிழலோட்டம் என்று பெயர் வைத்தார்கள். சந்தை முக்கில் தினமும் நண்பகலில் ஒரு கிழவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அவர் இறந்து ஒன்பது வருடம். நகரம் முழுவதிலும் அப்படிப் பதினொரு நிழல்கள். சைக்கிளில் போகும் நிழல் ஜெனிட்டா ஒருத்திதான்.

உயிரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களும் ஊரில் இருந்தார்கள், முந்நூறு பேர் போல. சாலைமதிக்கு அவர்களைப் புரியவில்லை. மெலிசான உருவம், சமிக்ஞை அனுப்பாத இயந்திரம், காற்றடித்தால் வேகம் குறைகிறது, குழியைக் கண்டால் சொல்லாமல் விலகுகிறது. ஆகவே பறக்கும் பிளாஸ்டிக் பை, தெருநாய், காற்றில் கவிழ்ந்த குடை ஆகியவற்றோடு சைக்கிளையும் சேர்த்து ‘நிச்சயமற்ற பொருள்’ என்று வகைப்படுத்திவிட்டது. நிச்சயமற்ற பொருளுக்கு இடைவெளி கிடையாது. பின்னால் வந்து, “ஓரம் செல்லவும், ஓரம் செல்லவும்” என்று வண்டி குரல் கொடுக்கும். பிறகு நான்கு விரற்கடை விட்டுக் கடந்துபோகும்.

ஜெனிட்டாவின் அக்கா டெல்பின் அந்த முந்நூறு பேரில் ஒருத்தி. வயது நாற்பத்தெட்டு. முதலாம் மதகின் அருகேயிருந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நீர்ப் பரிசோதகர். வீடு பன்னிரண்டாம் மதகை ஒட்டி. நிலையத்தின் வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அவள் ஏறமாட்டாள். இருபது கிலோமீட்டரும் மிதித்தே போவாள்.

“மனுஷி ஏன் இப்படிக் கெடந்து வேர்க்கணும்?” என்று உடன் வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். அவளால் விளக்கமுடிந்ததில்லை. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிற ஒரு காலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்து, உச்சியில் உட்கார்ந்து, இறக்கத்தில் கால் ஓய்ந்து, சங்கிலி மட்டும் சிலுசிலுவென்று பேசிக்கொண்டுவரும் அந்த அரை நிமிடத்தை எதைக்காட்டிச் சொல்வது? கேட்பவர்கள் கண்ணில் படுவதெல்லாம் அவளுடைய கால்சட்டை ஓரத்தில் அப்பியிருக்கும் கரும்பிசுக்கு மட்டுமே. எதிர்க்காற்றில் இருபது கிலோமீட்டர் நாற்பதாகிவிடும் நாட்களையும், மதிலோரம் உடைந்துகிடக்கும் சிப்பி குத்தி வாரத்துக்கொருமுறை பஞ்சராவதையும், மழையில் நனைந்த இருக்கை நாளெல்லாம் உறுத்துவதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், அதுதான் அப்போதே சொன்னோமே என்பார்கள்.

இதெல்லாம் சொல்லாமலே புரிந்த ஒரே ஆள் ஜெனிட்டா. அக்காவைவிட ஒன்பது வயது இளையவள், அக்காவைவிட வேகமானவள். அவள் யாருக்காகவும் நின்றதில்லை. அதே நிலையத்தில்தான் அவளுக்கும் வேலை; சேர்ந்து கிளம்புவார்கள். இரண்டு மதகுகள் தாண்டுவதற்குள் தங்கை ஒரு புள்ளியாகிவிடுவாள். நிலையத்து வாசலில் டெல்பின் மூச்சிரைத்து வந்து நிற்கும்போது அவள் தேநீர் குடித்து முடித்திருப்பாள். “என்னக்கா, வழியில படுத்துத் தூங்கிட்டு வாரியா?” என்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, பத்தாம் மதகருகே டெல்பினுக்குப் பஞ்சர். சற்று முன்னால் போன தங்கை வேகத்தைத் தணித்துத் திரும்பிப் பார்த்தாள். அன்று டெல்பின் வேறு எதற்கோ எரிச்சலில் இருந்தாள்.

“நீ போ. எனக்காக நிக்காத. என்னைக்கு நின்ன, இன்னைக்கு நிக்கதுக்கு?” என்றாள்.

ஜெனிட்டா சிரித்துவிட்டுப் போனாள். குழாயை மாற்றப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. டெல்பின் நான்காம் மதகை அடைந்தபோது வண்டிகள் நின்றிருந்தன. ஒரு சரக்குத் தன்னோடியின் முன்சக்கரத்துக்கு அடியில் தங்கையின் நீலக் கையுறை தெரிந்தது.

அதன்பிறகு கடல்மதில் சாலைக்கு அவள் வரவில்லை. உள்சாலை வழியாகச் சுற்றிப்போனாள். போன மாசியில் உள்சாலையைச் சைக்கிளுக்கு மூடிவிட்டார்கள். வண்டியில் போ, அல்லது கடல்மதில் வழியாகப் போ. டெல்பின் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு யோசித்தாள். ஐந்தாம் நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் மதகுக்கு வந்து நின்றாள்.

வண்டிகள் ஒதுங்குவதைப் பற்றி ஊரே சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை. ஆறு பத்துக்கு அந்த வெற்றிடம் அவள் முன்னால் திறந்தது. அது நகர்ந்தது. அவளும் மிதித்து அதற்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஓரம் செல்லவும் என்று யாரும் சொல்லவில்லை. இடுப்பருகே எதுவும் உரசிக்கொண்டு போகவில்லை. தன் மூச்சைத் தானே கேட்கமுடிந்த ஒரு பயணம் அது. கொஞ்ச தூரத்துக்குள்ளேயே அவளுக்கு இன்னொன்று புலப்பட்டது. ஒன்பதாம் மதகுக்கு முன்னால் வெற்றிடம் லேசாக வலப்பக்கம் விலகி மறுபடி நேரானது. அங்கே முன்பு ஒரு குழி இருந்தது. அதைத் தூர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜெனிட்டா இன்னும் அதைத் தவிர்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் மதகில் ஒரு நொடி வேகம் தணிந்தது. ஒரு கையால் தண்ணீர்ப் புட்டியை எடுத்திருக்கிறாள். டெல்பினின் கை தானாகத் தன் புட்டியைத் தொட்டது.

ஏழாம் மதகுப் பாலத்தின் உச்சியில் வெற்றிடம் நின்றுவிட்டது.

டெல்பின் திகைத்து ஒரு காலை ஊன்றினாள். வண்டிகள் சுற்றிக்கொண்டு போயின. பாலத்தின் மேல் காற்று மட்டும் அடித்தது. ஒரு நிமிடத்துக்கும் மேல் அப்படியே நின்றது. பிறகு திடீரென்று, நேரமாகிவிட்டவள்போல, முன்னைவிட வேகமாகக் கிளம்பியது. டெல்பின் பல்லைக் கடித்துக்கொண்டு பின்தொடர்ந்தாள். நான்காம் மதகு தெரிந்தது. ஆறு நாற்பத்தொன்றுக்கு, அதுவரை பவ்வியமாக ஒதுங்கிவந்த வண்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அந்த இடத்தை நிரப்பின. கதவு சாத்தியதுபோல வெற்றிடம் மூடிக்கொண்டது. ஒரு தன்னோடி அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து, “ஓரம் செல்லவும்” என்றது.

அவள் மதிலோரம் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வேலைக்குப் போக ஒன்பது மணியாயிற்று.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் தங்கையின் ஒவ்வொரு விலகலும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. உயிரோடிருந்தபோது ஒருமுறைகூடத் தங்கையின் பின்சக்கரத்தை விடாமல் பிடித்து அவள் வந்ததில்லை. இப்போது முடிந்தது. சில நாட்களில், அந்த ஒன்றரை மீட்டருக்குள் முன்னால் யாரோ காற்றை வெட்டிக்கொடுப்பதுபோலத் தோன்றும். அது எப்படி முடியும் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். ஆனாலும் அன்று கால் வலித்ததில்லை.

ஒருநாள் சாலை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நிழலோட்டங்களைக் கவனித்துவந்த பொறியாளர் சூசைமணி முப்பது வயதைத் தாண்டியவன், தூக்கம் போதாத முகம்.

“அக்கா, ஜெனிட்டாவோட நிழலுக்குள்ள தினமும் ஒரு நிச்சயமற்ற பொருள் போகுதுன்னு சாலைமதி புகார் குடுத்திருக்கு. நீங்கதானா?”

“நான்தான். அவ அக்கா.”

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். “அது காலமானவங்களுக்கு உள்ள இடம். நீங்க உள்ள போகக்கூடாது. நான் இதைப் பார்க்காத மாதிரி இருந்துக்கலாம். ஆனா நாலாம் மதகு வரைக்கும்தான் நிழல். அதுக்கு மேல உங்களுக்கு ஒண்ணும் கிடையாது.”

“ஒண்ணு கேக்கணும் தம்பி. ஏழாம் மதகுப் பாலத்துல ஏன் நிக்குது?”

சூசைமணி பதிவை எடுத்துப் பார்த்தான். சுவரில் தோன்றிய கோடுகளை விரலால் நகர்த்தினான். “எழுபத்தோரு வினாடி நின்னிருக்காங்க. காலை ஊனிட்டு. நாலு தடவை திரும்பிப் பார்த்திருக்காங்க.”

“வடக்கையா?”

“ஆமா. நீங்க வந்துக்கிட்டிருந்த பக்கம்.”

டெல்பின் எழுந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கணக்கில் கெட்டிக்காரி அவள். எழுபத்தொரு வினாடி அங்கே நிற்காமல் போயிருந்தால், அந்தச் சரக்கு வண்டி நான்காம் மதகின் வளைவுக்கு வரும்போது ஜெனிட்டா ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் முன்னால் இருந்திருப்பாள். நிக்காத என்று சொன்ன அன்றைக்குத்தான் நின்றிருக்கிறாள். இதை டெல்பின் யாரிடமும் சொல்லவில்லை.

அதிலிருந்து பாலத்தின் உச்சியில் அவள் தங்கையின் பக்கத்தில் நிற்கத் தொடங்கினாள். பின்னால் நிற்பதில்லை, பக்கத்தில். எழுபத்தொரு வினாடி. சில நாள் ஏதாவது சொல்வாள். “வந்துட்டேன்டி, போலாம்” என்பாள். வெற்றிடம் தன் நேரம் வந்த பிறகே கிளம்பும்.

ஆடி பிறந்ததும் காற்று திரும்பியது. ஒரு காலை, நான்காம் மதகில் நிழல் முடிந்த மறுகணமே கடற்காற்று அறைந்து அவளைச் சாலைப் பக்கம் தள்ளிற்று. ஒரு தன்னோடியின் பக்கச்சுவர் கைப்பிடியை உரசி அவளை மதிலில் வீசியது. முழங்கை பிய்ந்து, முன்சக்கரம் எட்டாக வளைந்தது. வண்டி நின்று, “பொருள் அகன்றது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டது. தங்கை விழுந்த இடத்துக்கும் அதற்கும் பத்தடி இருக்கும்.

கட்டுப்போட்ட கையோடு அவள் சூசைமணியின் முன்னால் போய் நின்றாள்.

“செத்தவளுக்கு விடத் தெரியுதுல்ல? உயிரோட இருக்கவளுக்கு விடுறதுக்கு என்ன கேடு?”

“நான் எழுதிப்போட்டேன்க்கா. மூணு தடவை. முந்நூறு பேருக்காக ஒன்பது லட்சம் பேரைத் தாமதப்படுத்த முடியாதுன்னு மன்றத்துல சொல்லிட்டாங்க.”

“பதினோரு பேருக்காகத் தாமதமாகலாமா?”

“செத்தவங்க விஷயத்துல யாரும் எதிர்த்துப் பேசமாட்டாங்க. ஓட்டுப் போயிரும்.”

அவள் உட்கார்ந்தாள். “ஒருத்தர் நிழலாகணும்னா உனக்கு என்னென்ன வேணும்?”

“கடைசிப் பயணத்தோட பதிவு. சாலைப் பதிவேட்டுல இறப்புக் குறிப்பு.” சொல்லி முடித்துவிட்டு அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். “அக்கா, வேண்டாம்.”

“சாலைப் பதிவேட்டுல செத்தா, சம்பளம் நின்னுருமா? ரேஷன் நின்னுருமா?”

“அது குடிமைப் பதிவேடு. வேற அலுவலகம். ரெண்டு பேரும் பேசி முப்பது வருஷம் ஆச்சு.”

அவன் அவளுடைய கட்டைப் பார்த்தான். ஜெனிட்டா இறந்த புதன்கிழமை காலை கண்காணிப்பு மேசையில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அதை அவளிடம் சொன்னதில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லி எழுந்துபோனான்.

திரை கேட்டது: “இறந்தவர் தங்களுக்கு என்ன உறவு?”

“ரொம்ப நெருங்கின உறவு,” என்றாள் டெல்பின்.

“ஆழ்ந்த இரங்கல்கள்,” என்றது திரை.

கை ஆறிய வாரத்தில் டெல்பினின் நிழல் ஓடத் தொடங்கியது. தங்கையின் நிழல் நான்காம் மதகில் முடிய, அதே கணத்தில் அங்கே அவளுடையது திறக்கும். முதலாம் மதகு வரை போகும். முதல்நாள் அந்த வண்டிகள் ஒதுங்கியதைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெயரை ஒரு வண்டி உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்வது கண்ணாடி வழியாகக் கேட்டது. காலமான டெல்பின் அவர்கள். உள்ளே இருந்த ஒரு பெரியவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய பார்வை அவள் முகத்தின் மேல் படிந்து, எதையும் காணாமல் விலகிற்று.

ஒரு தொல்லையும் இருந்தது. பதிவுக்கு அவள் கொடுத்திருந்தது நல்ல பின்காற்று அடித்த ஒரு நாளின் பயணம். சைக்கிள்காரர்கள் யாரும் தங்கள் மோசமான நாளைப் பதிந்துவைப்பதில்லை. எதிர்க்காற்று நாட்களில் அவளுடைய நிழல் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். இறந்துபோன தன்னை எட்டிப்பிடிக்க உயிருள்ளவள் நாக்குத் தள்ள மிதிக்கவேண்டியிருந்தது.

இதை முதலில் கவனித்தவர் கனி பாய். மதிலோரக் குடியிருப்புகளுக்குச் சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவர், ஐம்பத்தைந்து வயது, பின்னால் பெரிய தகரப் பெட்டி.

“டெல்பின்மா, உங்களுக்கு மட்டும் எப்படி வழி விடுது? என்னையத் தினமும் கடல்ல தள்ளப் பாக்குது.”

அவள் சொன்னாள். அவர் பெட்டியின் மேல் கைவைத்தபடி வெகுநேரம் கடலைப் பார்த்தார்.

“அல்லாவே. மௌத்தாப் போனாத்தான் மரியாதைங்கிறது தெரியும். இப்படி எழுத்துலயே மௌத்தாகிட்டீங்களா?”

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து அவரும் இறந்தார். அவர் விவரமானவர். ஒவ்வொரு வீட்டிலும் நின்று ரொட்டி கொடுத்து, விலை பேசி, பேரப்பிள்ளைகளை விசாரித்துப் போன ஒரு நிதானமான பயணத்தைப் பதிந்துகொடுத்தார். அவருடைய நிழலுக்காக வண்டிகள் குடியிருப்பு வாசல்களில் நின்று நின்று போயின.

அவர் வழியாகச் செய்தி பரவியது. தாதி வேலை பார்க்கிறவள் ஒருத்தி, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தம்பதி, மீன் ஏலக்காரர் என்று ஒவ்வொருவராக இறந்தார்கள். நான்கு மாதத்தில் எழுபத்தொன்பது பேர். காலை நேரத்துச் சாலையில் இடைவெளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவற்றுக்குள் ஆட்கள் மிதித்துக்கொண்டு போனார்கள். ஒருவரையொருவர் கண்டால் மணியடித்துக்கொண்டார்கள். நெய்தல்நகரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பயமில்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு போனது அந்தச் சில மாதங்கள்தான்.

வண்டிகளுக்குள் இருந்தவர்களுக்கு அலுவலகம் தாமதமாயிற்று. வண்டிகள் ஓயாமல் பெயர் பெயராக இரங்கல் சொல்லின. மார்கழியில் சாலைமதி தன் ஆண்டறிக்கையை மாமன்றத்தில் வைத்தது: நான்கு மாதத்தில் சைக்கிளோட்டிகள் எழுபத்தொன்பது பேர் மரணம்.

நகரம் அதிர்ந்தது. எங்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் முளைத்தன. மன்றத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். ஒரு உறுப்பினர் பேசும்போது நாத்தழுதழுத்தது. இவ்வளவு பேரை நாம் பறிகொடுத்திருக்கிறோமே, அவர்களுக்கென்று ஒரு பாதை இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டார். அன்றே தீர்மானம் நிறைவேறியது. கடல்மதிலை ஒட்டி, பன்னிரண்டாம் மதகிலிருந்து முதலாம் மதகு வரை, சைக்கிளுக்கென்று தனிப்பாதை.

டெல்பின் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சூசைமணியிடம் போனாள்.

“நாங்க யாரும் சாகலைன்னு சொல்லிருதேன் தம்பி. ஊரே அழுது. நல்லாயில்ல.”

“சொன்னா நிழல் எல்லாத்தையும் எடுத்துருவாங்க. பாதையும் வராது.” அவன் குரலைத் தாழ்த்தினான். “முப்பது வருஷமா உயிரோட இருக்கவங்க கேட்டு வராத பாதை, அக்கா. கொஞ்சம் பொறுங்க. வரட்டும்.”

அவள் பொறுத்தாள். எல்லாரும் பொறுத்தார்கள். எழுபது நாளில் பாதை உருவானதைத் தினமும் பார்த்துக்கொண்டே போனார்கள். நீல நிறத்தில், ஒரு சிப்பித்துண்டு இல்லாமல், கண்ணாடிபோல வழுவழுப்பாக. கடற்காற்றைத் தடுக்கத் தாழ்வான சுவர். ஒவ்வொரு மதகிலும் தண்ணீர்க் குழாய். வேலையாட்கள் இல்லாத ஒரு மதியம் கனி பாய் இறங்கிப்போய் அதைத் தடவிப்பார்த்தார். “இதுல ஓட்டினா ரொட்டி நொறுங்காது,” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

திறப்புவிழா அன்று காலை ஆறு மணிக்கே ஐம்பது பேருக்குமேல் பன்னிரண்டாம் மதகில் கூடிவிட்டார்கள். சக்கரங்களைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சிலர் புதுச்சட்டை போட்டு. பாதையின் வாசலில் ஆளுயரக் கம்பிக்கதவு. அதன் பக்கத்தில் பளிங்குச் சுவர். சுவரில் எழுபத்தொன்பது பெயர்களும் ஜெனிட்டாவின் பெயரும். டெல்பின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கதவருகே போனாள். அது திறக்கவில்லை.

“வணக்கம்,” என்றது கதவு. “இது மறைந்த சைக்கிளோட்டிகளின் நினைவுப்பாதை. அவர்களுடைய நிழல்கள் இன்று முதல் இங்கே அமைதியாக ஓடும். உயிருடன் இருப்பவர்கள் வாகனத்துடன் நுழைவது மறைந்தோரை அவமதிப்பதாகும். மலர் வைக்க விரும்புவோர் காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்.”

கனி பாய் முன்னால் வந்தார். சுவரில் தன் பெயரைத் தொட்டுக்காட்டினார். “இந்தா, அப்துல் கனி. நான்தான் அது. நான்தாம்மா!”

“தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்,” என்றது கதவு.

சூசைமணி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். டெல்பின் அவனிடம் வந்தாள். அவன் நிமிரவில்லை.

“எனக்கு நேத்துதான் தெரியும்க்கா. சாலையில இருந்த நிழல் மொத்தத்தையும் உள்ள மாத்திட்டாங்க. உங்களோடது, ஜெனிட்டாவோடது, எல்லாம். இனிமே சாலையில தாமதம் இருக்காதாம்.”

ஆறு பத்தாகப்போகிறது. டெல்பின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்த்தாள். ஆறு பத்து. ஆறு பதினொன்று. நீலத்தரை காலையொளியில் பளபளத்துக் கிடந்தது. எதுவும் விலகவில்லை, எதுவும் ஒதுங்கவில்லை. ஒதுங்குவதற்கு அங்கே ஒரு வண்டியும் இல்லையே.

“இப்ப அவ போய்க்கிட்டுதான் இருக்காளா?”

“கணக்குப்படி எண்ணூறு மீட்டர் போயிருப்பாங்க.”

“தெரியலையே தம்பி.”

வழிவிடுகிறவர்கள் இருந்தவரைக்கும்தான் அவளுக்கு ஓர் உருவம் இருந்தது என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியிருக்கவேண்டும்.

பாலத்தின் நினைவு வந்ததும் டெல்பின் சைக்கிளில் ஏறிக் கடல்மதில் சாலையில் இறங்கினாள். இன்னும் கால்மணி நேரத்தில் ஜெனிட்டா வேலிக்கு அந்தப் பக்கம் ஏழாம் மதகில் காலை ஊன்றி நிற்பாள். வடக்கே திரும்பிப் பார்ப்பாள். இந்தப் பக்கமிருந்தாவது கூட நிற்கலாம். வேகம் தணிக்க ஒரு நிழலும் இல்லாத அந்தச் சாலையில் தன்னோடிகள் முன்னெப்போதையும்விட வேகமாகப் பறந்தன. எதிர்க்காற்று. அவள் தலையைத் தாழ்த்தி மிதித்தாள்.

ஒன்பதாம் மதகைத் தாண்டியதும் பின்னால் குரல்கள் கேட்டன. வரிசையாகப் பதினான்கு வண்டிகள், எல்லாவற்றின் மேலும் மலர்வளையங்கள். விழாவின் முக்கிய மேடை முதலாம் மதகில். ஓரம் செல்லவும், ஓரம் செல்லவும். அவள் விலகவில்லை. விலகினால் பாலத்துக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. முதல் வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கக் கண்ணாடி இறங்கியது. மடியில் வெள்ளை ரோஜா வளையம் வைத்திருந்த ஒரு பெண் தலையை நீட்டினாள். கனிந்த முகம். அழுதிருந்த கண்கள்.

“அம்மா, கொஞ்சம் ஓரமாப் போங்களேன். சைக்கிள்ல போய்ச் செத்தவங்களுக்கு அஞ்சலி. எங்களுக்கு நேரமாச்சு.”

டெல்பின் அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. அவள் பிரேக்கைப் பிடித்து, சைக்கிளைத் தூக்கி மதிலோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசி வண்டியின் பக்கவாட்டில் முழுநீளக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. எண்பது முகங்கள். மேல்வரிசையில் ஜெனிட்டா. அவளுக்குப் பக்கத்தில், எங்கிருந்தோ எடுத்துப்போட்ட பழைய புகைப்படத்தில், காற்றில் பறக்கும் தலைமயிரோடு சிரித்துக்கொண்டிருந்த டெல்பின். அந்த முகம், மதிலோடு ஒட்டி நின்றவளின் முழங்கையை நான்கு விரற்கடை தூரத்தில் கடந்து போயிற்று.